எல்லையில் கத்தாத பெட்டி

பிளேடின் முனை பெட்டி மூடியின் விளிம்போடு நகர்ந்தது. உப்பேறிய சிலிக்கான் பசை நூல் நூலாக உரிந்து மேசையில் விழுந்தது. திருகுகளைக் கழற்றி ஒரு பாட்டில் மூடிக்குள் போட்டுவிட்டு, கைகள் மேல்மூடியைத் தூக்கின. உள்ளே ஈரம் இல்லை. பச்சைச் சர்க்யூட் பலகையின் ஓரங்களை விரல்கள் தடவிப் பார்த்தன. எங்கும் துரு இல்லை. வானத்திலிருந்து சமிக்ஞை வாங்கும் ஜிபிஎஸ் வில்லைக்குப் போகும் கம்பியை இழுத்துப் பார்த்தபோது அது ஆடவில்லை. கடைசியாக, ஹாரனை இயக்கும் ரிலேயின் இரண்டு கால்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் சேர்த்துத் தொட்டன. ஹாரன் அலறியது. முனையை எடுத்ததும் நின்றது.

"உசுரோடதான இருக்கு" என்றார் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆத்மநாதன்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான்."

"இங்கிட்டு கத்தி என்ன செய்ய. அங்கிட்டுல்ல கத்தணும்."

அன்புச்செல்வி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். கம்பி அறுந்திருந்தால், தண்ணீர் இறங்கியிருந்தால், ஈயப்பற்று விட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவையெல்லாம் கடல் செய்கிற வேலை. கம்பியும் பலகையும் சரியாக இருக்கின்றன என்றால், தப்பு அவள் எழுதிய புரோகிராமில் இருக்கிறது.

கோட்டைப்பட்டினத்தில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், கயிறும் வலையும் விற்கும் அபுதாகிர் பாயின் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய சர்வீஸ் கடை. மீன் காட்டும் கருவி, வயர்லெஸ் செட், ஜிபிஎஸ் எல்லாம் அங்கே வரும். பிறந்ததும் இதே ஊர்தான். அறந்தாங்கியில் டிப்ளமோ சேர்ந்து, அப்பா படுத்த படுக்கையானதும் பாதியில் நிறுத்திவிட்டு, அங்கேயே ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலைக்கு நின்றாள். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் செத்துப்போன போன்களைப் பிரித்துப் பிரித்துத்தான் பற்றவைக்கும் கை பழகியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதும் சோதித்துப் பார் என்பது அந்தக் கடையின் பழக்கம். புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டதும் அந்தப் பழக்கத்தில்தான். ஆங்கிலக் கையேட்டில் ஒரு பத்தியைப் படிப்பாள், தெரியாத சொல்லுக்கு போனில் பொருள் பார்ப்பாள், அந்தப் பத்தி சொல்வதை மட்டும் செய்து பார்ப்பாள், பிறகு அடுத்த பத்திக்குப் போவாள். முப்பத்தேழு வயதாகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஆத்மநாதன் அவளுடைய அக்கா கலைமதியின் கணவர். விசைப்படகு டிரைவர். ஒரு காலத்தில் சொந்தப் படகு வைத்திருந்தார். எல்லை தாண்டினார் என்று அந்தப் பக்கத்து ரோந்துக்காரர்கள் பிடித்துப் போனதில் படகு அங்கேயே தங்கிவிட்டது. ஆளை மட்டும் சில மாதம் சிறையில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பும்போது அந்த ஊர்க் கோர்ட்டில் ஒன்று சொன்னார்கள்: மறுபடியும் பிடிபட்டால் விடுதலை கிடையாது, தண்டனைக் காலம் முழுக்க உள்ளேதான்.

ஊர் திரும்பிய பிறகு நெடுநாள் கடலுக்குப் போகாமல் இருந்தார். மீன்கம்பெனியில் ஐஸ் உடைத்தார். முடியவில்லை. ஜஸ்டின் என்பவர் தன் படகை ஓட்டக் கூப்பிட்டபோது, கலைமதி ஒரு நிபந்தனை போட்டாள். எல்லைக்கு முன்னாலேயே கத்துகிற பெட்டி ஒன்றைத் தங்கச்சி செய்துகொடுக்க வேண்டும். பெட்டி இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் கிடையாது. ஜஸ்டினின் படகில் இருந்த ஜிபிஎஸ் கருவியின் திரை உப்பில் வெந்து பாதி கறுத்துப் போயிருந்தது. அதை நம்பிப் போக முடியாது.

அப்படிச் செய்த பெட்டிதான் இது. இதை மாட்டிக்கொண்டு இந்தப் பருவத்தில் பல நடை போய்வந்துவிட்டார். பெட்டி ஒருமுறைகூடக் கத்தவில்லை. சனிக்கிழமை போன நடையில், பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த படகுகள் திடீரென்று மூக்கைத் திருப்பி ஓடின. அதற்குப் பிறகுதான் தூரத்தில் ரோந்துப் படகு வருவதை ஆத்மநாதன் பார்த்தார். வலையை இழுக்க நேரமில்லை. அறுத்துவிட்டு ஓடிவந்தார்.

"நாளைக்குக் கடலுக்குப் போக டோக்கன் குடுக்குறாங்க" என்றார் இப்போது. "ஜஸ்டின் ஐஸ் ஏத்தச் சொல்லிட்டாரு. முடியுமா, முடியாதா?"

"பாக்குறேன் மச்சான். பேசாம இருங்க."

"நான் எங்க பேசுறேன். நீ பேசுற பேச்செல்லாம் அந்தப் பெட்டிகிட்டத்தான். அதையே கட்டிக்க."

"இது சாராயம் குடிக்காது. நல்ல மாப்ளதான்."

அவர் சிரித்தார். அவள் பலகையை லேப்டாப்போடு இணைத்தாள்.

பெட்டிக்குள் இருப்பது எளிய ஏற்பாடு. எல்லைக்கோட்டை ஒட்டிய கடலை அவள் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டியிருந்தாள். பாறை கிடக்கும் இடம், மூழ்கிய படகு கிடக்கும் இடம் என்று வலை மாட்டும் இடங்களுக்கும் தனித்தனிக் கட்டம். ஒரு கட்டத்துக்கு நான்கு எண்கள், நான்கு ஓரங்கள். படகு இப்போது எந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது என்று பெட்டி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். கட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் ஹாரன்.

முதன்முதலில் சார்லஸ் என்ற டிரைவருக்குச் செய்த பெட்டி, பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் பார்த்தது. பட்டியல் சின்னதாக இருந்தவரை ஓடியது. பிறகு ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த கல்லையும் கட்டையையும் கொண்டுவந்து சொன்னார்கள். பட்டியல் நீண்டது. பலகை மூச்சுவாங்கியது. படகு கல்லைக் கடந்து போன பிறகு ஹாரன் கத்தியது. அதனால்தான் ஆத்மநாதனின் பெட்டியில் அவள் டேட்டாபேஸ் வைத்தாள். அதற்கென்று தனிக் கணினி தேவையில்லை. புரோகிராமுக்குள்ளேயே அடங்கி, ஒரே கோப்பாக இருக்கும். அதில் இடங்களுக்கென்றே ஓர் அட்டவணை உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை ஒரு பெரிய கட்டத்துக்குள் வைக்கும், அந்தப் பெரியவற்றை இன்னும் பெரியதில். படகு இல்லாத பெரிய கட்டத்தைத் திறந்துகூடப் பார்க்காது. எத்தனை இடம் சேர்த்தாலும் பதில் உடனே வரும்.

பெட்டியைக் கொடுத்த நாளில் அவள் அட்டவணையில் எத்தனை வரிசைகள் இருக்கின்றன என்று கேட்டுப் பார்த்திருந்தாள். எத்தனை கட்டம் போட்டாளோ அத்தனை இருந்தன. அதோடு திருப்தியடைந்திருந்தாள்.

இப்போது எண்ணிக்கையைக் கேட்கவில்லை. வரிசைகளையே காட்டச் சொன்னாள். திரையில் எண்கள் இறங்கின. இறங்கி முடிந்ததும் அவள் மேலே போய் மறுபடி கீழே வந்தாள். விரல் நின்றது.

"என்ன?" என்றார் ஆத்மநாதன்.

"எல்லாம் ஒரே கட்டம்."

"கணக்கெல்லாம் சரின்னு அன்னைக்கு சொன்ன."

"எண்ணிக்கை சரி. விருந்துக்கு நூறு பேரக் கூப்பிட்டு, நூறு எலை போட்டாச்சான்னு எண்ணிப் பாத்திருக்கேன். நூறு எலையிலயும் ஒரே ஆளு ஒக்காந்திருக்கான்."

"நல்ல பந்தி" என்றார்.

ஏன் என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கட்டங்களை உள்ளே போட அவள் ஒரே கட்டளையை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்திருந்தாள். எண்களுக்கு மட்டும் காலியிடம் விட்ட கட்டளை. ஒவ்வொரு கட்டத்துக்கும் காலியிடங்களில் எண்களை மாட்டி ஓட்டினால் போதும், வேகமாக நடக்கும். ஆனால் ஒருமுறை ஓட்டியதும் கட்டளையைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். திருப்பாமல் புது எண்களை மாட்டினால் அது ஏற்றுக்கொள்ளாது. ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு ஒரு பிழை எண்ணைத் திருப்பித் தரும். அவள் திருப்பவும் இல்லை, அந்தப் பிழை எண்ணைப் பார்க்கவும் இல்லை. அடுத்து ஓட்டச் சொன்னபோது கட்டளை தானாகவே பழைய நிலைக்கு வந்து, ஏற்கெனவே மாட்டியிருந்த எண்களோடு இன்னொரு முறை ஓடியது. அதனால் முதல் கட்டமே திரும்பத் திரும்ப உள்ளே போயிருந்தது. அது கோட்டின் வடகோடியில் இருக்கும் கட்டம். இந்தத் துறைமுகத்துப் படகுகள் அந்தப் பக்கம் போவதே இல்லை.

திருப்பும் வரியைச் சேர்த்தாள். மாற்றியது அது ஒன்றை மட்டும்தான். அட்டவணையை அழித்து மறுபடி நிரப்பினாள். வரிசைகளைக் காட்டச் சொன்னாள். எல்லாம் வேறு வேறு. ஜிபிஎஸ் வில்லையை ஜன்னல் கம்பியில் வைத்துப் பெட்டிக்கு உயிர் கொடுத்தாள்.

ஹாரன் அலறியது. நிறுத்தாமல் அலறியது.

கீழேயிருந்து அபுதாகிர் பாயின் குரல் வந்தது. "ஏம்மா செல்வி, எந்த போட்டும்மா எங் கடைக்குள்ள வருது?"

"டெஸ்ட்டு பாய்" என்று கத்திவிட்டு இணைப்பைப் பிடுங்கினாள். கடலுக்கு இன்னும் ஒரு தெரு தாண்டவேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பெட்டி எல்லை வந்துவிட்டது என்கிறது. எல்லைக்கோட்டின் மேலேயே இருக்கும் ஓர் இடத்தின் எண்களைக் கையால் தட்டிக் கொடுத்துப் பார்த்தாள். பெட்டி ஊமையாக இருந்தது.

"கரையில கத்துது, கோட்டுல கத்த மாட்டேங்குது" என்றாள்.

"வீட்டுல கெடன்னு சொல்லுது. ஒங்கக்கா சொல்லிக் குடுத்திருப்பா."

இதற்குப் பிறகு காலை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. ஆத்மநாதன் டீ குடிக்கப் போய்வந்தார். வலை தைக்கும் இடத்துக்குப் போய்விட்டு மறுபடி வந்தார். அவள் அதே இடத்தில் இருந்தாள். திரையில் ஒரு வரிசையை எடுத்து வைத்துப் படித்தாள். ஒன்பது புள்ளி தொண்ணூற்றொன்று, எழுபத்தொன்பது புள்ளி நாற்பத்தெட்டு, ஒன்பது புள்ளி தொண்ணூற்று மூன்று, எழுபத்தொன்பது புள்ளி ஐம்பது. சரியாகத்தான் இருந்தது. அடுத்த வரிசையும் சரி. தேடும் கட்டளையைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தாள். அட்டவணை தசம எண்களைச் சுருக்கித்தான் வைத்துக்கொள்ளும் என்று கையேட்டில் படித்தது நினைவு வந்தது. அதனால் எவ்வளவு பிசகும் என்று கணக்குப் போட்டாள். ஓர் ஆள் கைநீட்டும் தூரம். அதுவும் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்குமே தவிரச் சின்னதாக்காது. ஆகவே அது இல்லை. ஹாரன் எங்கெங்கே கத்துகிறது என்று எண்களை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வடமேற்கில் நிற்கும்போதெல்லாம் கத்தியது. கட்டத்துக்குள் வந்தால் நின்றது. இப்படி ஒரு வினோதம் ஏன் என்று புரியவில்லை.

நீளமான தசம எண்களைப் பார்த்துக் கண் களைத்துப் போனதால்தான் அவள் அதைச் செய்தாள். வெற்று அட்டவணை ஒன்றை உண்டாக்கி, கடலையே மறந்துவிட்டு, சின்ன எண்களில் ஒரு பொய்க் கட்டம் போட்டாள். தெற்கே ஐந்து, மேற்கே ஒன்று, வடக்கே ஆறு, கிழக்கே இரண்டு.

டேட்டாபேஸ் அதை ஏற்க மறுத்தது. சிறிய எண் பெரிய எண்ணைவிடப் பெரிதாக இருக்கிறது, நிபந்தனை மீறப்படுகிறது என்றது. இத்தனை நாளில் அது மறுத்துச் சொல்லி அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அந்தத் துறைமுகத்தில் ஓர் இடத்தைச் சொல்லும்போது வடக்கைத்தான் முதலில் சொல்வார்கள். வயர்லெஸ்ஸில், "ஒம்பது அம்பத்தஞ்சு, எழுவத்தொம்பது முப்பது" என்பார்கள். எது வடக்கு எது கிழக்கு என்று யாரும் விளக்குவதில்லை, கேட்பதும் இல்லை. அவள் அப்பா சொன்னதும் அப்படித்தான், அவள் பட்டியலில் ஏற்றியதும் அப்படித்தான். தென்மேற்கு மூலை, வடகிழக்கு மூலை. ஒவ்வொரு மூலைக்கும் வடக்கு எண் முதலில், கிழக்கு எண் பிறகு. ஆனால் அட்டவணை கேட்கும் வரிசை வேறு. மேற்கு ஓரமும் கிழக்கு ஓரமும் ஜோடியாக முதலில் வர வேண்டும், தெற்கும் வடக்கும் ஜோடியாகப் பிறகு. ஒவ்வொரு ஜோடியிலும் சின்ன எண் முன்னால் இருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சரிபார்க்கும். இந்தக் கடலில் வடக்கு எண் ஒன்பது, பத்து. கிழக்கு எண் எழுபத்தொன்பது. எப்படி மாற்றிப் போட்டாலும் சின்னது முன்னால்தான் இருக்கும். அதனால் டேட்டாபேஸ் ஒரு முறைகூட முனகாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. காலையிலிருந்து அந்த எண்களைப் படித்துக்கொண்டிருந்த அவளும் வடக்கு, கிழக்கு, வடக்கு, கிழக்கு என்றே படித்தாள். அவள் கண்ணுக்கு அதில் தப்பே இல்லை.

கட்டளையில் இருந்த காலியிடங்களுக்கு ஒன்று, இரண்டு என்று இருந்த எண்களை எடுத்துவிட்டு மேற்கு, கிழக்கு, தெற்கு, வடக்கு என்றே பெயர் வைத்தாள். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ஓட்டும்போதும் திரும்பி வரும் எண்ணைப் பார்த்து, சரியில்லை என்றால் அங்கேயே நிற்கும்படி எழுதினாள். அழித்து, நிரப்பினாள். ஜன்னலில் வில்லையை வைத்தாள். பெட்டி பேசாமல் இருந்தது. கோட்டின் மேலே இருக்கும் இடத்தின் எண்களைத் தட்டினாள். ஹாரன் கத்தியது.

கலைமதி சாப்பாட்டுக் கேரியரோடு படியேறி வந்தபோது அந்தச் சத்தம் ஓய்ந்திருந்தது.

"சரியாப் போச்சா?"

"சரியாப் போச்சுக்கா. இன்னும் ஒரு டெஸ்ட்டு இருக்கு."

"இவரு காலைலேருந்து இங்கதான் கெடக்காரா? ஒரு தக்காளி வாங்கியாரச் சொன்னேன்."

"தொழில் விசயமா இருக்கேன்ல" என்றார் ஆத்மநாதன்.

"ஆமா, நாற்காலி தேஞ்சிருக்கும்."

பெட்டி தான் போய்வந்த பாதையை எல்லாம் தனக்குள் பதிந்து வைத்திருந்தது. அந்தப் பாதைகளை மறுபடி பெட்டிக்கே ஊட்டினால், உண்மையான பயணத்தில் எங்கே கத்தியிருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கையால் தட்டிய எண்களைவிட அது நம்பத்தகுந்த சோதனை. அவள் ஹாரனைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கைப் பொருத்தினாள். சனிக்கிழமைப் பாதையை வேகப்படுத்தி ஓட விட்டாள்.

படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. விளக்கு எரியவில்லை. கிழக்கே போனது. எரியவில்லை. கலைமதி கேரியரின் அடுக்குகளைப் பிரித்து வைத்தாள். விளக்கு எரிந்தது.

"எரியுது" என்றாள் கலைமதி. "அப்ப வேலை செய்யுது."

"ம்."

விளக்கு அணையவில்லை. கலைமதி சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, தட்டைக் கணவருக்கு நீட்டினாள். அவர் வாங்கிப் பிசைந்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவர் பாதி சாப்பிடும்வரை எரிந்தது. பிறகு அணைந்தது. படகு திரும்பி வந்து துறைமுகத்தில் நின்றது.

அன்புச்செல்வி அதற்கு முந்தைய நடையை எடுத்தாள். அதுவும் அப்படியே. அதற்கு முந்தையதும் அப்படியே. போகும்போது அணைந்திருக்கும், வரும்போது அணைந்திருக்கும். வலை இழுத்த நேரம் முழுக்கச் சிவப்பு.

"என்னடி இது" என்றாள் கலைமதி. "இன்னும் கெட்டுத்தான் கெடக்கா?"

"இல்லக்கா. இப்பத்தான் சரியா இருக்கு."

கலைமதி விளக்கைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப போன நடையெல்லாம்?"

அவர் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார்.

"பெட்டி கத்தலன்னு வந்து சொன்னீங்களே. உள்ளதான் நின்னோம்னு சொன்னீங்களே. எறாலு நெறையா வந்துச்சுன்னு சந்தோசமா இருந்தேனே நானு."

"பெட்டி கத்தலதான?" என்றார் அவர். "நான் என்ன பொய்யா சொன்னேன்?"

"ஒங்களுக்குத் தெரியலையா? இத்தன வருசம் அந்தத் தண்ணியிலயே கெடந்திட்டு?"

ஆத்மநாதன் கையைத் தட்டில் உதறினார். "தண்ணியப் பாத்தாத் தெரியாதா கலை. தெரியும். தெரிஞ்சாலும், பெட்டி கத்தலயேன்னு ஒரு இது. செல்வி செஞ்ச பெட்டி, தப்பா இருக்குமா. அப்புடி நெனச்சுக்கிட்டுப் போட்ட ஓட்டுனேன்." தட்டைத் தள்ளி வைத்தார். "இங்கிட்டு ஒண்ணும் இல்ல. வழிச்சு எடுத்தாச்சு. டீசலுக்குக்கூடப் பத்தாது. ரெண்டு நட வெறும் வலையோட வந்தா, மூணாவது நடைக்கு ஜஸ்டின் வேற டிரைவரப் பாப்பாரு. பிடிபட்டு வந்தவன வேற யாரு வேலைக்கு வச்சுக்குவா?"

கலைமதி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கீழே சாலையில் ஐஸ் வண்டி ஒன்று பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் இப்போது சத்தம் போடுவாள் என்று அன்புச்செல்வி காத்திருந்தாள். போகக் கூடாது என்பாள், பெட்டியைத் தூக்கிக் கீழே போடுவாள் என்று. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கலைமதி திரும்பி வந்து கேரியரை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"நாளைக்கு எப்பக் கெளம்பணும்?" என்று கேட்டாள்.

"விடிய."

"கட்டிக்குடுக்க என்ன வேணும்? புளிச்சோறா, தயிர்ச்சோறா?"

"எதுனாலும்."

அவள் படியிறங்கிப் போனாள். பிறகு ஆத்மநாதன் கை கழுவிக்கொண்டு வந்து மேசை அருகில் நின்றார்.

"செல்வி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவியா?"

"சொல்லுங்க."

"அந்தக் கட்டத்த எல்லாம் ரெண்டு மைலு அங்கிட்டுத் தள்ளி வச்சுட்டா என்ன? ஒனக்கு ஒரு எண்ண மாத்துற வேலதான?"

அது உண்மைதான். ஓர் எண்ணை மாற்றுகிற வேலை. எல்லாக் கட்டங்களுக்கும் சேர்த்து ஒரே வரி எழுதினால் போதும், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

"கோடு நான் போட்டதில்ல மச்சான்."

"எனக்குத் தெரியாதா. கேக்குறேன்."

"தள்ளி வச்சா, அது கத்தும்போது நீங்க அவங்க கையில இருப்பீங்க."

"கத்திக்கிட்டே இருந்தா என்னால எப்புடித் தொழில் பாக்க முடியும்? பயலுக எல்லாம் மெரண்டுபோவானுக. ஜஸ்டினுக்குப் போனப் போட்டுச் சொல்லிருவானுக."

"தள்ளி வைக்க மாட்டேன்."

"சரி விடு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. மாட்டேன் என்பாள் என்று தெரிந்துதான் கேட்டிருந்தார்.

அவள் சிவப்பு விளக்கைக் கழற்றினாள். ஹாரன் இணைப்பை மறுபடி பற்றவைத்தாள். ஈயம் உருண்டு, பளபளத்து, இறுகியது. பழைய பசை ஒட்டியிருந்த விளிம்பை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்துக் காயவிட்டாள். மூடியை வைத்துத் திருகுகளை எதிர் எதிர் மூலையாக இறுக்கினாள். விளிம்பு நெடுகப் புதுப் பசையை ஒரே இழுப்பாக இழுத்து, விரலை நனைத்துத் தடவிவிட்டாள். எங்கேயாவது இடைவெளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்தாள். ஓர் இடத்தில் ஊசிமுனை அளவுக்கு இருந்தது. அதையும் அடைத்தாள். ஆத்மநாதன் நாற்காலியில் உட்கார்ந்து அவள் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதில் அவசரம் இல்லாமல் போய்விட்டது போலிருந்தது.

சாயங்காலம் பசை தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்தது. அவள் பெட்டியைத் தூக்கி மேசையில் அவர் பக்கமாக வைத்தாள். பெட்டி வாங்குகிற எல்லோருக்கும் சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினாள்.

"காலைல வரைக்கும் தண்ணி படாமப் பாத்துக்கங்க. வில்லைய மேல வானம் தெரியுற எடத்துல வைங்க, எஞ்சின் பக்கத்துல வேணாம். ஆன் பண்ணுன ஒடனே எடத்தச் சொல்லாது, கொஞ்ச நேரம் பொறுக்கணும். சிவப்பு ஒயரு பேட்டரி பிளஸ். கறுப்பு மைனஸ். மாத்திக் குடுத்துறாதீங்க, எரிஞ்சுபோயிரும்."

"அந்த மஞ்ச?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பெட்டிக்கு வெளியே ஒரு சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த மஞ்சள் ஒயரை அவர் இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"ஹாரனுக்குப் போறது."

"அது மட்டுந்தானா? வேற எதுக்கும் போகலல்ல?"

"வேற எதுக்கும் போகல."

அவர் தலையாட்டினார். அவள் ஒயர்களைச் சுருட்டி, ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு, பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.